முட்டுச்சந்தும் பொதுவழியும்: நகரப் பெருக்கம் பற்றிய ஓர் ஆய்வை முன்வைத்து

ஒரு நகரம் வளர்கிறது என்று சொல்லும்போது அதன் மக்கள்தொகையையும் பரப்பளவையும் கட்டடங்களின் எண்ணிக்கையையுமே நாம் கருத்தில் கொள்கிறோம். அந்நகரின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன, அல்லது இணையாமல் நின்றுவிடுகின்றன என்ற கேள்வியை எழுப்புவோர் அரிதாகவே உள்ளனர். அக்கேள்வியை உலகம் முழுவதற்குமாக எழுப்பிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2020ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் மில்லார்ட்-பால் ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள்.

நகரமைப்பு நம் துறையன்று. எனினும் அண்ணாமலை நகரில் குடியிருந்துகொண்டு ஃபிக்ஹுப் பாடம் நடத்திவரும் நமக்கு அக்கட்டுரை இரு வகைகளில் நெருக்கமானதாகப் பட்டது. அது விவரிக்கும் மாற்றம் நம் வீட்டு வாசலிலேயே நிகழ்ந்து வருகிறது என்பது ஒன்று. அது எடுத்துக்கொண்ட பொருளை நம் சட்ட நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வேறொரு மொழியில் பேசி வந்திருக்கின்றன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆய்வின் சிறப்பும் தெரிகிறது, அதன் போதாமையும் தெரிகிறது. அவற்றோடு நம்முடைய தவறொன்றும் தெரிகிறது. அதனை இறுதியில் சொல்வோம்.

ஆய்வு சொல்வது

தெருக்களின் இணைப்பை ஆசிரியர்கள் எவ்வாறு அளக்கின்றனர் என்பதை விளக்கத் தமிழில் சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு சந்திப்பிலிருந்து நான்கு திசைகளில் வழி பிரிந்தால் அது நாற்சந்தி. மூன்று திசைகளில் பிரிந்தால் முச்சந்தி. ஒரே வழியில் சென்று, வந்த வழியே திரும்ப வேண்டியிருந்தால் அது முட்டுச்சந்து. ஓர் ஊரில் நாற்சந்திகள் மிகுந்திருந்தால் இணைப்பு மிகுதி. முட்டுச்சந்துகள் மிகுந்திருந்தால் இணைப்புக் குறைவு. இதனோடு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உள்ள நேர்தூரத்தைவிடத் தெருவழித் தூரம் எத்தனை மடங்கு மிகுகிறது என்பதையும், தெருக்கள் மரக்கிளைகள்போல் பிரிந்து பிரிந்து முடிந்துவிடுகின்றனவா அல்லது வலைபோல் மீண்டும் கூடுகின்றனவா என்பதையும் சேர்த்து, ஒரே குறியீட்டெண்ணாகத் தொகுத்துள்ளனர். தன்னார்வலர்களால் உருவாக்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தையும், எந்த நிலம் எப்போது நகரமாயிற்று என்பதைக் காட்டும் செயற்கைக்கோள் தரவுகளையும் பொருத்திப் பார்த்து, 1975ஆம் ஆண்டு தொடங்கி நிகழ்ந்த மாற்றத்தைக் கணக்கிட்டுள்ளனர்.

முடிவுகள் கவலைக்குரியவை. மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டு நாடுகளில், 1975க்குப் பின் புதிதாக உருவான பகுதிகளின் தெருக்கள் முன்னைவிட இணைப்புக் குன்றியவையாக இருக்கின்றன. 2000ஆம் ஆண்டுக்குப் பின் நிலைமை சீர்ப்பட்டுவரும் நாடுகள் 29 விழுக்காடு மட்டுமே. மதில்சூழ்ந்து வாயிற்காவலுடன் அமையும் குடியிருப்புகளுக்கே உரிய சுற்றுவழித் தெருவமைப்பு இக்காலத்தில் ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கிறது.

இவற்றினும் முக்கியமாக நாம் கருதுவது வேறொரு முடிவு. தொடக்கத்தில் இணைப்புக் குறைவாக இருந்த நகரங்களே பின்னரும் இணைப்புக் குறைந்த தெருக்களை அமைத்து வருகின்றன. வீடு இடிக்கப்படும், மறுபடி கட்டப்படும், கைமாறும். தெரு ஒருமுறை அமைந்துவிட்டால் தலைமுறைகள் கடந்தும் அங்கேயே கிடக்கும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் 1573இல் பிறப்பித்த ஆணை, அமெரிக்கக் குடியேற்றங்களில் நடுச்சதுக்கத்திலிருந்து நேர்த்தெருக்கள் பிரிய வேண்டும் என்று விதித்தது. அந்தப் பேரரசு மறைந்து இரு நூற்றாண்டுகளான பின்னும் அர்ஜென்டினா போன்ற நாடுகளின் நகரங்கள் கட்டங்கட்டமான தெருக்களிலேயே விரிந்து வருகின்றன. இதே ஆசிரியர்கள் 2015இல் வெளியிட்ட முந்தைய ஆய்வு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் முட்டுச்சந்துப் பெருக்கம் 1990களின் நடுவில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் குறையத் தொடங்கியது என்று காட்டியது. ஆக, இது விதியன்று. மனிதர் எடுக்கும் முடிவு. ஆனால் காலங்கடந்து மாற்றுவதற்கு மிகக் கடினமான முடிவு.

சிதம்பரமும் அண்ணாமலை நகரும்

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் நகரின் நடுவே நடராசர் கோயில். அதனைச் சுற்றிக் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என நான்கு தேரோடும் வீதிகள். ஆனியிலும் மார்கழியிலும் ஆண்டுக்கு இருமுறை தேர் ஓடும். புறப்பட்ட தேர் சுற்றிவந்து தன் நிலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே அவ்வீதிகளில் எதுவும் முட்டுச்சந்தாக முடிய இயலாது. குறுகிவிடவும் இயலாது. அத்தெருவில் போகவேண்டிய மிகப்பெரிய பொருள் எதுவோ அதுவே தெருவின் அகலத்தையும் தொடர்ச்சியையும் தீர்மானித்தது. அந்த வழிபாட்டில் பங்கில்லாத நாமும் சிதம்பரத்து முஸ்லிம்கள் அனைவரும் அத்தெருவமைப்பின் பயனைத் துய்த்து வருகிறோம். நல்ல தெரு தன்னில் நடப்பவரின் சமயத்தைக் கேட்பதில்லை.

நகருக்குக் கிழக்கே இருப்புப்பாதை. அதற்கும் கிழக்கே, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகமும் அதன்வழிப் பிறந்த அண்ணாமலை நகரும். பழைய நகருக்கும் புதிய நகருக்கும் இடையே இருப்புப்பாதையைக் கடக்கும் வழிகள் சிலவே. அதனால் இரண்டு ஊர்களின் போக்குவரத்தும் அச்சில வழிகளில் குவிகிறது. வாகனம் பெருகிவிட்டதே காரணம் என்கின்றனர். அது உண்மையே. ஆனால் நூறு தெருக்களின் ஓட்டத்தை ஓரிரு வாயில்களில் செலுத்தினால் நெருக்கடி வரும் என்பதும் அதே அளவு உண்மை.

அடுத்து வந்தவை மனைப்பிரிவுகள். 1929இல் 'நகர்' என்னும் சொல் ஒரு பல்கலைக்கழகத்தையும் அதன் ஆசிரியர், மாணவர், ஊழியர் குடியிருப்புகளையும் உள்ளடக்கிய ஊரைக் குறித்தது. இன்று நான்கைந்து ஏக்கர் நன்செய் ஒன்று கைமாறி, கல் நடப்பட்டு, நுழைவில் வளைவு கட்டப்பட்டால் அதுவும் 'நகர்' ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நகருக்கும் பிரதான சாலையிலிருந்து ஒரு வழி. உள்ளே இரண்டு மூன்று தெருக்கள். அவை வயலின் எல்லையில் முட்டி நிற்கும். அடுத்த வயல் மற்றொருவரால் மனையாக்கப்படும்போது அதன் தெருக்கள் மறுபக்கத்தில் வந்து முட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மதில். விளம்பரத்தில் இதனைப் பாதுகாப்பான, அமைதியான சூழல் என்பார்கள்.

கடலூரின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம்வரை தங்கள் எல்லை என்று கொண்டனர். அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. ஊரின் எல்லையை ஊராரின் நடையும் தேவையும் தீர்மானிக்காமல் வேறொன்று தீர்மானித்தது. இன்றைய மனைப்பிரிவின் எல்லையும் அத்தகையதே. விற்பனைக்கு வந்த நிலத்தின் புல எண் எங்கே முடிகிறதோ அங்கே தெருவும் முடிகிறது.

அரசு இதனைக் கவனிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தன. ஆனால் வரன்முறைப்படுத்துதல் என்பது ஏற்கெனவே விற்கப்பட்ட மனைக்கு அங்கீகாரம் தருவதாகும். அத்தெரு எங்கே போய் முடிகிறது என்பதை அது மாற்றிவிட இயலாது. ஆய்வாளர்கள் எண்களால் காட்டிய நிலைபேறு, நம் ஊரில் பத்திரத் தாள்களில் உறைந்திருக்கிறது.

'இஸ்லாமிய நகரம்' என்னும் கட்டுக்கதை

முட்டுச்சந்து என்றவுடன் கீழைத்தேயவியல் நூல்களைப் பயின்றோருக்கு ஒரு பழைய குற்றச்சாட்டு நினைவுக்கு வரும். வில்லியம் மார்சே 1928இல் எழுதிய கட்டுரை தொடங்கி, ழான் சொவாழே, ஃபொன் குரூனெபௌம் ஆகியோர் வழியாக ஒரு கருத்து நிலைபெற்றது. ரோமானியரின் நேரான தெருக்கள் முஸ்லிம்களின் ஆட்சியில் சிதைந்து வளைந்த சந்துகளாகவும் முட்டுச்சந்துகளாகவும் மாறின; பொதுநலன் என்ற எண்ணமே இல்லாத சமூகத்தின் அடையாளம் அது என்பதே அக்கருத்தின் சாரம்.

ஜேனட் அபூலுகத் 1987இல் எழுதிய கட்டுரை இதற்குத் தக்க மறுப்பாக அமைந்தது. ஹதீஸ் கலையினர் இஸ்னாதை ஆராய்வதுபோல் அவர் இக்கருத்தின் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார். ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்ட, அவர் அவருக்கு முந்தையவரை மேற்கோள் காட்ட, இறுதியில் சங்கிலி வட ஆப்பிரிக்காவின் ஒரு சில நகரங்களில் போய் முடிவதைக் காட்டினார். சில ஊர்களின் நிலைமை ஒரு சமயத்தின் இயல்பாகப் பொதுமைப்படுத்தப்பட்டிருந்தது. ரிச்சர்ட் புல்லியட் தமது 1975ஆம் ஆண்டு நூலில் வேறொரு காரணத்தைச் சுட்டியிருந்தார். மேற்காசியாவில் இஸ்லாத்தின் வருகைக்கு முன்பே சக்கர வண்டியின் இடத்தை ஒட்டகம் பிடித்துக்கொண்டது. வண்டி போகவேண்டாத தெரு வண்டித்தெருவின் அகலத்தில் இருக்கவேண்டிய தேவையில்லை. சிதம்பரத்தின் தேருக்கு நாம் சொன்ன அதே விதி அங்கும் பொருந்துகிறது.

இக்குற்றச்சாட்டுக்கு நம்மவர் அளித்துவந்த விடையும் நிறைவானதன்று. கூஃபா நகரம் ஹிஜ்ரி 17இல் அமைக்கப்பட்டபோது பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என உமர் (ரலி) அவர்கள் வரையறுத்ததாகத் தபரீ பதிவு செய்திருப்பதை எடுத்துக்காட்டி, நேரான தெருக்களை நாமே கண்டுபிடித்ததுபோல் பேசி முடித்துவிடுவோம். முட்டுச்சந்து இஸ்லாத்தின் இயல்பு என்பது பிழை. முட்டுச்சந்து இஸ்லாமிய நகரங்களில் இல்லை என்பதும் பிழை. அது இருந்தது. ஃபிக்ஹு அதனை ஏற்று, அதற்கெனத் தனிச் சட்டமும் வகுத்தது. அச்சட்டம் எத்தகைய கேள்வியைக் கேட்டது என்பதே ஆராயத்தக்கது.

ஃபிக்ஹு கேட்கும் கேள்வி

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் ஸுல்ஹ் என்னும் உடன்படிக்கைப் பாடத்தின் ஒரு பகுதி தெருக்களைப் பற்றியது. அரபுக் கல்லூரி மாணவர்கள் இதனை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே நடத்தி முடித்தோம். அங்கே வழி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று நாஃபித், ஊடுருவிச் செல்லும் பொதுவழி. மற்றொன்று நாஃபித் அல்லாதது, அதாவது முட்டுவழி.

பொதுவழியில் எவரும் வழிச்செல்வோருக்கு இடையூறு செய்யலாகாது. மாடத்தைத் தெருவின்மேல் நீட்ட விரும்புவோர், அதன்கீழ் ஆள் நிமிர்ந்து செல்லும் உயரத்தில்தான் நீட்டலாம். வாகனங்கள் கடக்கும் தெருவாயின், சிவிகை கட்டிய ஒட்டகம் தடையின்றிப் போகும் உயரம் வேண்டும். முட்டுவழியோ அதில் குடியிருப்போரின் கூட்டுரிமை. யாருடைய வாசல் அதில் திறக்கிறதோ அவரே அத்தெருவின் மக்கள். சுவர் மட்டும் ஒட்டியிருப்பவர் அல்லர். ஒவ்வொருவரின் உரிமையும் தெருமுனையிலிருந்து தம் வாசல்வரை என்பதே மிகச் சரியான கூற்று.

ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' இன்னும் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. நீண்ட சந்து ஒன்றிலிருந்து மற்றொரு முட்டுச்சந்து பிரிந்தால், முதற்சந்தினர் இரண்டாவதில் வாசல் திறக்கக்கூடாது. ஆனால் அச்சந்து வளைந்து இரு முனைகளும் மீண்டும் கூடுவதாயின் திறக்கலாம். ஏனெனில் அது முழுவதிலும் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இன்றைய ஆய்வாளர்கள் மரக்கிளை அமைப்பு என்றும் வலையமைப்பு என்றும் பிரித்து எண்ணும் அதே வடிவ வேறுபாட்டை மர்கீனானீ (ரஹ்) எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார். ஆனால் அவர் வடிவத்தைக் கண்டதோடு நிற்கவில்லை. வடிவம் மாறும்போது உரிமை எவ்வாறு மாறுகிறது என்று கேட்டார்.

உஸ்மானியர் 1876இல் நிறைவுசெய்த 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பு ஒரு படி மேலே செல்கிறது. முட்டுவழியே ஆயினும், பொதுவழியில் நெரிசல் மிகும்போது வழிச்செல்வோர் அதனுள் ஒதுங்கும் உரிமையுடையோர். ஆதலின் குடியிருப்போர் அனைவரும் ஒருமனப்பட்டாலும் அதனை விற்கவோ, பங்கிடவோ, அதன் வாயை அடைக்கவோ இயலாது. தனிவழியிலும் பொதுமக்களுக்கு ஒரு பங்கு எஞ்சியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

வழியைப் பற்றித் தகராறு எழுந்தால் 7 முழம் விடவேண்டும் என்னும் கருத்தமைந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இன்றைய அளவில் ஏறக்குறைய 10 அல்லது 11 அடி. இதனை எல்லாத் தெருக்களுக்கும் உரிய உச்ச அளவாகக் கொள்ளக்கூடாது. உடன்பாடு எட்டாதபோது கொள்ளவேண்டிய அளவு அது என்றும், தம் நிலத்திலிருந்து பொதுவழிக்கு மனமுவந்து விடுபவர் தாராளமாக விடுவதே சிறந்தது என்றும் நவவி (ரஹ்) தமது விரிவுரையில் விளக்கியுள்ளார்கள். துனிஸ் நகரின் பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ தொகுத்த தீர்ப்புகளை ஆராய்ந்து 1986இல் பெஸீம் ஹகீம் எழுதிய நூலும் இதையே உறுதிப்படுத்துகிறது. அந்நகரங்களின் தெருவமைப்பு அலட்சியத்தால் விளைந்ததன்று. அண்டைவீட்டாரின் உரிமையையும் தீங்கைத் தவிர்க்கும் கடமையையும் வழக்குதோறும் எடைபோட்டதால் விளைந்தது.

ஆய்வின் போதாமை

இந்த வெளிச்சத்தில் 2020ஆம் ஆண்டு ஆய்வுக்குத் திரும்புவோம். அதன் முதற்குறை, வரைபடத்தில் இல்லாத வழி கணக்கில் வராது என்பது. காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில் வீட்டு வரிசைகளுக்கு இடையே முடுக்குகள் உண்டு. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலேயே வீடுவிட்டு வீடு செல்வதற்காக அமைந்த குறுகிய நடைவழிகள் அவை. நம் பகுதியில் வயல் வரப்புகளும் வாய்க்கால் கரைகளும் அவ்வாறே வழிகளாயிருந்தன. காரில் செல்வோருக்கு முட்டுச்சந்தாகத் தெரிவது நடப்பவருக்கு முட்டுச்சந்தாக இருக்கவேண்டியதில்லை. ஆசிரியர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் வாகனம் நுழைய இயலாத தெருமுனையிலும் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் வழி விடப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். எனினும் நம் ஊர்களின் பெயரில்லாப் பாதைகளை வானிலிருந்து காண்பது எளிதன்று.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. குறியீட்டெண்ணுக்கு ஒரு மதில் என்பது வரைபடத்தில் விடுபட்ட ஒரு கோடு. அம்மதில் யாருக்கு எதிராக எழுப்பப்பட்டது என்பதை அது அறியாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில் அரசால் இடிக்கப்பட்டு வழி திறக்கப்பட்டது. கணக்கில் அது ஓர் இணைப்பின் கூடுதல். அவ்வூர் மக்களுக்கோ அது பல்லாண்டுப் போராட்டம். அதுபோலவே, ஒரு வாயிற்கதவு பகலில் திறந்து இரவில் மூடப்படலாம். கார் வைத்திருப்போருக்குத் திறந்து, வீட்டு வேலைக்கு நடந்துவரும் பெண்ணுக்கு மூடப்படலாம். தெரு எங்கே செல்கிறது என்று ஆய்வு கேட்கிறது. அதில் செல்லும் உரிமை யாருக்கு என்று ஃபிக்ஹு கேட்கிறது. இரண்டாவது கேள்வி இல்லாமல் முதற்கேள்வி முழுமை பெறாது.

ஆனால் இதை வைத்து நாம் பெருமை கொள்வதற்கும் ஒன்றுமில்லை. முதற்கேள்வியை நாம் கேட்கவே இல்லை. ஃபிக்ஹு வழக்கு வந்தபின் தீர்ப்புச் சொல்லும். தெரு தெருவாக முட்டுச்சந்துகள் சேர்ந்து ஓர் ஊரே துண்டுதுண்டாகும்போது, வழக்காட எவரும் வராத அந்தத் தீங்கை அளந்து காட்ட இத்தகைய ஆய்வு தேவைப்படுகிறது. அண்டைவீட்டானின் மாடத்தைப் பற்றி நூறு பக்கங்கள் பயிலும் நம் மாணவர், மனைப்பிரிவின் வரைபடத்தைப் பற்றி ஒரு வரியும் பயில்வதில்லை.

ஒரு மதிலும் நம் கையொப்பமும்

தொடக்கத்தில் குறிப்பிட்ட தவறுக்கு வருகிறோம். நாம் குடியிருக்கும் மனைப்பிரிவின் கிழக்கு முனையில் தெரு ஒரு வரப்பில் முடிந்தது. அவ்வரப்பு வழியே அப்பாலுள்ள குடியிருப்பினர் நெடுங்காலமாக வந்துபோயினர். நாமும் அவ்வழியேதான் பள்ளிவாசலுக்குச் சென்று வந்தோம். 300 காலடி தூரம். அப்பாலிருந்த வயலும் மனையானபோது இரு தெருக்களும் எளிதில் இணைந்திருக்கலாம். ஆனால் தெருமுனையில் ஒரு முழ அகலமுள்ள நிலத்துண்டை விற்பனையாளர் தம் பெயரிலேயே நிறுத்திக்கொண்டார். வழி வேண்டுமானால் அடுத்தவர் அதற்கு விலை தரவேண்டும் என்பது கணக்கு. பேரம் படியவில்லை. அதற்கிடையில் நம் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நிகழவே, அவ்விடத்தில் மதில் எழுப்பவேண்டுமெனக் குடியிருப்போர் ஒரு விண்ணப்பம் எழுதினர். நாமும் கையொப்பமிட்டோம்.

இப்போது பள்ளிவாசல் 1,800 காலடி தூரம். பிரதான சாலைக்குச் சென்று சுற்றிவர வேண்டும். முதியோர் இருவர் ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டனர். வேலைக்கு வரும் பெண்கள் விடியலில் லாரிகளுக்கு ஓரமாக நடந்து வருகின்றனர். சென்ற ஆண்டு அண்டைவீட்டுப் பெரியவரின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து அதே சாலையில் சுற்றிச் சென்றோம். மழைக்காலத்தில் வேறொன்றும் புரிந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் நம்முடையது. மனிதருக்கு வழியடைத்த மதில் நீருக்கும் வழியடைத்தது. வடியவேண்டிய நீர் தெருவிலேயே தேங்கியது. நடக்கும் உரிமையையும் நீர் வடியும் உரிமையையும் 'மஜல்லா' அடுத்தடுத்து வைத்து விளக்குவது ஏன் என்பது அன்று விளங்கியது.

அது எங்கள் தெரு, அவர்களின் வாசல் இதில் திறக்கவில்லை, ஆகவே ஃபிக்ஹின்படி அவர்களுக்கு உரிமையில்லை என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் வாதிட்டனர். வாதம் கேட்பதற்கு நயமானது, ஆனால் செல்லாதது. மனைப்பிரிவின் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்த பின்னரே ஒப்புதல் கிடைக்கிறது. தானமாகக் கொடுக்கப்பட்ட தெரு குடியிருப்போரின் தனிவழியன்று. அது எல்லோருக்கும் உரிய பொதுவழி. வரப்பில் நடந்தோரின் உரிமைக்கும் ஆதாரம் உண்டு. வழியை 20 ஆண்டுகள் உரிமையாக, தடையின்றிப் பயன்படுத்தியோருக்கு அவ்வழியில் உரிமை ஏற்படுவதை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. அவை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தாலும், வழியின் வாயை அடைக்கக் குடியிருப்போரின் ஒருமித்த சம்மதமும் போதாது என்ற 'மஜல்லா' விதி நம் கையொப்பத்தை மறுத்து நிற்கிறது.

திருட்டு பற்றிய அச்சம் பொய்யன்று. அதற்குரிய தீர்வு அச்சத்தின் அளவோடு நிற்கவேண்டும். வாகனத்தைத் தடுத்து ஆள் நடக்க விடும் ஒரு திறப்பு, ஒரு தெருவிளக்கு ஆகியவற்றால் தீரக்கூடியதற்கு, ஊரின் பாதியை மறுபாதியிலிருந்து நிரந்தரமாகப் பிரிக்கும் சுவரை எழுப்பினோம். தீங்கைத் தவிர்க்கப் புகுந்து, அதனினும் பெரிய தீங்கை நம்மைவிட எளியவர்கள்மேல் ஏற்றினோம்.

என்ன செய்யலாம்? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009இல் ஒரு விதி செய்தது. அண்டைப் பகுதியோடு போதிய இணைப்பில்லாத புதிய தெருக்களை அரசுப் பராமரிப்புக்கு ஏற்பதில்லை என்பதே அது. தானப் பத்திரம் வாங்கும் நம் பேரூராட்சிகளும் நகராட்சிகளும், 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த கடலூரும், தெரு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பத்திரம் வாங்கலாம். நிலத்துண்டு நிறுத்திக்கொள்ளும் சூழ்ச்சி அதனால் பயனற்றுப் போகும். ஜமாஅத்துகள் மனை வாங்கும் தம் மக்களுக்குத் தெருவின் அகலத்தைப் போலவே தெருவின் முடிவையும் பார்க்கக் கற்பிக்கலாம். அரபுக் கல்லூரிகள் ஸுல்ஹ் பாடத்தை நடத்தும்போது மாணவர்களைத் தம் ஊரின் ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துச் சென்று, எது நாஃபித், எது நாஃபித் அல்லாதது, யாருடைய உரிமை எங்கே தடைபட்டிருக்கிறது என்று காட்டலாம். இவ்வாண்டு நாம் அவ்வாறே செய்தோம். மாணவர்களை நம் தெருவுக்கே அழைத்துச் சென்றோம். அம்மதிலில் கையொப்பமிட்டோர் யார் என்று ஒரு மாணவர் கேட்டார். மறைக்காமல் சொன்னோம்.

கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், மதிலில் நடைவழி திறக்க வேண்டுமெனவும் பேரூராட்சிக்கு மனு அளித்திருக்கிறோம். குடியிருப்போரில் மூவர் நம்மோடு சேர்ந்துள்ளனர். மற்றையோரிடம் பேசிவருகிறோம். மதில் இன்னும் நிற்கிறது. தெரு நெடுங்காலம் நிலைக்கும் என்று அவ்வாய்வு சொல்வது மெய்யாயின், இதனைத் திறப்பதற்குரிய காலம் சிமெண்டு பழகிப்போவதற்கு முன்புள்ள இந்தச் சில ஆண்டுகளே. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.